சீர்மையற்ற ஆல்கீன் சேர்ப்பு வினை பிசகும்போது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடிப்பது

கைரல் (வலக்கை–இடக்கை போல, தன் ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத) உலோக வினையூக்கியைக் கொண்டு, கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனின் ஒரு முகத்தில் மட்டும் ஹைட்ரஜனையோ போரானையோ ஆக்ஸிஜனையோ சேர்ப்பது தாளில் இரண்டு வரி. குடுவையில் அது தவறுவதற்கான வழிகள் ஏராளம். தவறியதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, வேறு ஈனியை (உலோகத்தோடு பிணைந்து அதற்குக் கைரல் தன்மை தரும் மூலக்கூறை) தேடி அலமாரியைத் திறப்பது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. ஈனி குற்றவாளியாக இருக்கும் தடவைகளைவிட, கரைப்பானில் கரைந்த ஆக்ஸிஜன், எடை போட்டதில் வந்த பிழை, ஆல்கீனில் கலந்திருந்த வேறு மாற்றியம், அளவீட்டிலேயே நேர்ந்த தவறு ஆகியவை குற்றவாளிகளாக இருக்கும் தடவைகள் மிக அதிகம். அவற்றை ஒதுக்காமல் பத்து ஈனிகளைச் சோதித்தால், பத்து ஈனிகளைப் பற்றியும் தவறான தகவல்தான் கையில் மிஞ்சும்.

கீழே உள்ளவை ரோடியம், ருத்தேனியம், இரிடியம் கொண்டு செய்யும் ஹைட்ரஜனேற்றம், ஹைட்ரோபோரேற்றம், ஹைட்ரோஃபார்மைலேற்றம், போரானிக் அமிலச் சேர்ப்பு, ஷார்ப்லெஸ் வகை ஆக்ஸிஜனேற்றங்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தும். எனான்டியோமர் மிகையை, அதாவது ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரண்டு எனான்டியோமர்களில் ஒன்று மற்றதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதை, சுருக்கமாக 'மிகை' என்றே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று வெற்றுச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்: உலோகமும் ஈனியும் இல்லாமல் ஒன்று, உலோகம் மட்டும் இட்டு ஒன்று, ஈனி மட்டும் இட்டு ஒன்று. கூடவே, ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஓர் ஆல்கீனையும் அதே நாளில், அதே புட்டிகளிலிருந்து எடுத்து ஓட்டுங்கள். அந்தத் தெரிந்த ஆல்கீனும் சரியாக வரவில்லை என்றால் உங்கள் புதிய ஆல்கீனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது.

அறிகுறி: மிகை குறைவாகக் காட்டுகிறது, ஆனால் அந்த எண்ணை நம்பலாமா?

எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ குரோமட்டோகிராஃபி) காட்டும் எண் உண்மை என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். ரேசமிக் மாதிரி (இரண்டு எனான்டியோமர்களும் சம அளவில் உள்ளது) இல்லாமல் மிகையைச் சொல்லவே கூடாது. ஹைட்ரஜனேற்றத்துக்குப் பலேடியம் கார்பனைக் கொண்டோ, கைரல் அல்லாத டைஃபாஸ்ஃபீன் ஈனியைக் கொண்டோ ரேசமிக் மாதிரியைத் தயாரித்து, இரண்டு உச்சிகளும் அடிவரை பிரிகின்றனவா என்று பாருங்கள். பரப்பு 50:50 வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஏதோ ஓர் உச்சியின் அடியில் வேறு பொருள் ஒளிந்திருக்கிறது.

ஒளிந்திருப்பது பெரும்பாலும் வினைபுரியாத ஆல்கீன். ஸ்டைரீன் வகை ஆல்கீன் 254 நானோமீட்டரில் உறிஞ்சும் ஒளி, அது ஹைட்ரஜனேறிய பின் உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு அதிகம். என்.எம்.ஆர். நிறமாலையில் கண்ணில் படாத அளவுக்கு மீந்திருக்கும் ஆல்கீன்கூட எச்.பி.எல்.சி.யில் கொழுத்த உச்சியாக வரும். அது சிறிய எனான்டியோமரின் மேல் விழுந்தால் மிகை பாதாளத்துக்குப் போனதுபோலத் தெரியும். பெரிய எனான்டியோமரின் மேல் விழுந்தால் பொய்யாக உயரும். இரண்டாவதுதான் ஆபத்தானது. நல்ல செய்தியை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சோதனை: அதே வினையை ஈனியின் எதிர் எனான்டியோமரைக் கொண்டு ஓட்டுவது. ஒன்று 93:7 தந்தால் மற்றது 7:93 தர வேண்டும். 11:89 வந்தால் முதல் உச்சியின் அடியில் அன்னியப் பொருள் இருக்கிறது. கைரல் பத்தியை மாற்றிப் பார்ப்பதும் உதவும். ஆனால் பத்தி மாறினால் எந்த எனான்டியோமர் முதலில் வரும் என்பதும் மாறக்கூடும்.

அடுத்தது மாதிரியை எடுக்கும் இடம். எனான்டியோமர் செறிந்த கலவையைச் சாதாரண சிலிக்கா பத்தியில் சுத்தம் செய்யும்போதே சில சேர்மங்களில் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் மிகை வேறுபடும். படிகமாக்கினால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே வினையின் மிகை என்பது, சுத்தம் செய்வதற்கு முன் கச்சாக் கலவையில் அளந்ததுதான். பத்தி ஓட்டிய பிறகு அளந்தே ஆக வேண்டுமென்றால் எல்லாப் பின்னங்களையும் சேர்த்துவிட்டு அளக்க வேண்டும்.

பத்தியின் நலனுக்கும் ஒரு வார்த்தை. பாலிசாக்கரைடை வெறுமனே பூசிய கைரல் பத்திகளில் டைகுளோரோமீத்தேனோ டெட்ராஹைட்ரோஃபியூரானோ எத்தில் அசிட்டேட்டோ நுழைந்தால் பூச்சு கரைந்துவிடும். மாதிரியைக் கரைக்கப் பயன்படுத்தும் சில துளிகளுக்கும் இது பொருந்தும். நேற்று வரை பிரிந்த இரண்டு உச்சிகள் இன்று ஒட்டிக்கொண்டால், வினையைக் குறை சொல்வதற்கு முன் பத்தியைச் சோதியுங்கள்.

அறிகுறி: வினை தொடங்கவே இல்லை

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். ரோடியம், இரிடியம் முன்வினையூக்கிகளில் (குடுவையில் வினையூக்கியாக மாறும் தொடக்க அணைவுகளில்) பல டைமர்கள். ஒரு மோலில் இரண்டு மோல் உலோகம் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஈனியை எடை போட்டால், தேவையான ஈனியில் பாதிதான் குடுவையில் விழும். தலைகீழான தவறும் உண்டு. இருபல் ஈனியை (உலோகத்தை இரண்டு இடங்களில் பிடிப்பதை) உலோகத்துக்கு இரண்டு மடங்கு இட்டால் ரோடியத்தின் மேல் இரண்டு ஈனிகள் உட்கார்ந்து, ஆல்கீனுக்கு இடமில்லாமல் வேகம் பெரிதும் குறைந்துவிடும். இருபல் ஈனிக்கு 1.05 முதல் 1.1 மடங்கு போதும். மோனோஃபாஸ் போன்ற ஒருபல் ஃபாஸ்ஃபோரமிடைட்டுகளுக்கு இரண்டு மடங்கு வேண்டும். இந்த இரண்டு வகைகளையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து ஆக்ஸிஜன். காற்றோடு சமநிலையில் இருக்கும் கரிமக் கரைப்பானில் ஆக்ஸிஜன் சுமார் 2 மில்லிமோலார் கரைந்திருக்கும். அரை மில்லிமோல் ஆல்கீனை 5 மில்லிலிட்டர் கரைப்பானில், 1 மோல் சதவீத வினையூக்கியோடு ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். உலோகம் 5 மைக்ரோமோல். கரைப்பானில் உள்ள ஆக்ஸிஜன் 10 மைக்ரோமோல். உலோகத்தைப் போல இரு மடங்கு! நைட்ரஜனைச் சில நிமிடம் மேலாக ஊதுவது இதற்குப் பரிகாரம் ஆகாது. ஊசியைக் கரைப்பானுக்குள் இறக்கி நீண்ட நேரம் குமிழ விடுங்கள். அல்லது உறைய வைத்து, வெற்றிடமாக்கி, உருக விடுவதை மூன்று முறை செய்யுங்கள். ஆல்கீன் திரவமாக இருந்தால் அதற்கும் இதே சிகிச்சை வேண்டும். பலர் கரைப்பானைப் பார்த்துப் பார்த்து வாயு நீக்கிவிட்டு ஆல்கீனை நேராகப் புட்டியிலிருந்து சிரிஞ்சில் எடுப்பார்கள்.

ஃபாஸ்ஃபீன் ஆக்ஸிஜனேறிவிட்டதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. பாஸ்பரஸ் என்.எம்.ஆர். பத்து நிமிட வேலை. பைனாப் என்ற டைஃபாஸ்ஃபீன் ஈனி சுமார் −15 பி.பி.எம்.மில் வரும். அதன் ஆக்ஸைடு +28ஐ ஒட்டி வரும். ரோடியத்தோடு பிணைந்துவிட்டால் உச்சி இரட்டையாகப் பிளந்து, இடைவெளி ஏறத்தாழ 140 முதல் 160 ஹெர்ட்ஸ் இருக்கும். அந்த இரட்டை உச்சியைக் கண்ணால் பார்த்த பிறகு ஆல்கீனைச் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், வினை தொடங்காத வழக்குகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் அரை மணி நேரம் எதுவும் நடக்காமல், பிறகு வேகம் பிடித்தால் அது தூண்டல் காலம். முன்வினையூக்கியில் உள்ள சைக்ளோஆக்டாடையீன் முதலில் ஹைட்ரஜனேறி வெளியேறினால்தான் உலோகத்தில் இடம் காலியாகும். பல டைஃபாஸ்ஃபீன்களோடு அது மிக மெதுவாகவே நடக்கிறது. நார்போர்னாடையீன் கொண்ட முன்வினையூக்கி இதைவிட வேகமாகத் திறந்துகொள்ளும். ஆல்கீனைச் சேர்ப்பதற்கு முன்பே வினையூக்கியை ஹைட்ரஜனுக்குக் கீழ் வைத்துத் தயார் செய்வதும் ஒரு வழி. வெவ்வேறு ஈனிகளின் வேகத்தை ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்தால், டையீன் வெளியேறும் வேகத்தை ஈனியின் திறன் என்று எழுதிவிடுவார்கள்.

கரைப்பானே உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். நேர்மின் ரோடியம் டொலுவீனின் பென்சீன் வளையத்தோடு நிலையான அணைவைத் தரும். மெத்தனாலில் ஓடும் வினை டொலுவீனில் தூங்குவதற்கு இது ஒரு காரணம். அசிட்டோநைட்ரைல் இன்னும் மோசம். ஆல்கீனிலேயே பிரிடின், தயோஈதர், நைட்ரைல் இருந்தால் இதே சந்தேகம் எழ வேண்டும். தெரிந்த ஆல்கீனின் வினையில் அந்தத் தொகுதி கொண்ட சிறு மூலக்கூறு ஒன்றைச் சிறிதளவு சேர்த்துப் பாருங்கள். வினை நின்றால் விடை கிடைத்துவிட்டது.

ஒருங்கிணையும் தொகுதி எதுவும் இல்லாத வெற்று ஆல்கீன் என்றால், ரோடியமும் ருத்தேனியமும் பொதுவாகக் கைகொடுக்காது. அங்கே ஃபாஸ்ஃபீனோ-ஆக்ஸசோலின் ஈனி கொண்ட இரிடியம் அணைவுகள்தான் வழி. அவற்றிலும் எதிர் அயனி முக்கியம். ஹெக்ஸாஃபுளோரோஃபாஸ்ஃபேட் உப்பு சீக்கிரம் செயலிழந்துவிடுகிறது. ஃபுளோரின் நிறைந்த பெரிய டெட்ரா அரைல் போரேட்டை எதிர் அயனியாக வைத்ததும் அதே அணைவு ஈரத்தையும் ஓரளவு தாங்கிக்கொண்டு கடைசிவரை ஓடுகிறது என்பதை ஃபால்ட்ஸ் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் காட்டினார்கள்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது

நின்ற குடுவையில் புதிதாக வினையூக்கியைக் கொஞ்சம் சேருங்கள். மீண்டும் ஓடினால் பழைய வினையூக்கி இறந்திருக்கிறது. ஓடவில்லை என்றால் வினைப்பொருள் தீர்ந்திருக்கிறது, அல்லது குடுவையில் ஏதோ ஒன்று நஞ்சாகியிருக்கிறது. இந்த ஒரே கேள்வி மீதி வேலையை இரண்டாகப் பிரித்துவிடும்.

வினைப்பொருள் தீர்வது போரானிக் அமிலச் சேர்ப்பில் மிக அதிகம். ஹயாஷியும் மியாவுராவும் 1998இல் வெளியிட்ட ரோடியம்–பைனாப் முறை, டையாக்ஸேன்–நீர்க் கலவையில் 100 டிகிரியில் ஓடுவது. அந்தச் சூட்டில் போரானிக் அமிலம் ஈனோனோடு (கீட்டோனை ஒட்டிய ஆல்கீனோடு) சேர்வதோடு, நீரிலிருந்து புரோட்டானை வாங்கி வெறும் அரீனாகவும் மாறுகிறது. வாயு குரோமட்டோகிராஃபியில் அனிசோலோ நாஃப்தலீனோ தெரிந்தால் போரானிக் அமிலம் வீணாகிக்கொண்டிருக்கிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. எனக்குச் சரியாகப் படுவது வெப்பநிலையைக் குறைப்பது. அசிட்டைல்அசிட்டோனேட் முன்வினையூக்கிக்குப் பதிலாக ஹைட்ராக்ஸோ ரோடியம் டைமரை எடுத்தால் 35 டிகிரியிலேயே வினை நடக்கும். அரீனாகச் சிதைவதும் பெரிதும் அடங்கும். புட்டியில் இருக்கும் போரானிக் அமிலத்தில் ஒரு பகுதி நீரிழந்து போராக்ஸினாக மாறியிருக்கும் என்பதையும் எடை போடும்போது நினைவில் வையுங்கள்.

ஷார்ப்லெஸ் டைஹைட்ராக்ஸிலேற்றத்தில் பாதியில் நிற்பதற்குக் காரணம் வேறு. அங்கே மெதுவான படி, ஆஸ்மேட் எஸ்டர் நீராற்பகுப்படைவது. இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் நடுவில் இருந்தால், ஒரு சமான அளவு மீத்தேன்சல்ஃபோனமைடு அந்தப் படியை வேகப்படுத்தும். நுனி ஆல்கீனுக்கு அது தேவையில்லை. வெறுமனே 'பியூட்டனால்–நீர்' என்று யாரோ எழுதி வைத்த குறிப்பைப் பின்பற்றாமல் மூன்றாம்நிலை பியூட்டனாலும் நீரும் சம அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இது இரு அடுக்குக் கலவை. கலக்கும் வேகம் குறைந்தால் உப்புகள் அடியில் கட்டிப்போய் வினை நின்றதுபோலத் தெரியும். ஆஸ்மியம் டெட்ராக்சைடின் ஆவி கண்ணைப் பாதிக்கும் என்பதால் இந்தக் குடுவையைப் புகைக்கூண்டுக்கு வெளியே திறக்கவே கூடாது. முடித்ததும் சோடியம் சல்ஃபைட்டை இட்டு நன்றாகக் கலக்கிய பிறகே பிரித்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: வினை முழுமையாக முடிந்தது, மிகை மட்டும் முதலிலிருந்தே குறைவு

அதிகமாகத் தலைவலி தருவது இது. கொஞ்சம் கணக்கு போட்டால் பாதி சந்தேகங்கள் விலகும்.

25 டிகிரியில் 90 சதவீத மிகை என்பது 95:5 விகிதம். இரண்டு கடப்பு நிலைகளுக்கும் இடையே மோலுக்குச் சுமார் 1.7 கிலோகலோரி ஆற்றல் வேறுபாடு. அதே வேறுபாட்டோடு 0 டிகிரியில் ஓட்டினால் மிகை ஏறத்தாழ 92 சதவீதம் ஆகும். 25 டிகிரி குளிர வைத்ததற்கு 2 சதவீதம்தான் கூலி. ஆகவே 95 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால், அறையின் வெப்பநிலையைக் குறை சொல்லாதீர்கள். அவ்வளவு பெரிய சரிவு வேறு பாதையைச் சுட்டுகிறது: விளைபொருளின் ஒரு பகுதி கைரல் வினையூக்கியைத் தொடாமலேயே உருவாகியிருக்கிறது. விளைபொருளில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி வந்தால் 95 சதவீத மிகை 76 ஆகிவிடும். தொடக்கத்தில் சொன்ன மூன்று வெற்றுச் சோதனைகளின் பயன் இங்கேதான்.

ஹைட்ரோபோரேற்றத்தில் இந்தப் பின்னணிப் பாதை அப்பட்டமாகத் தெரியும். ரோடியம்–பைனாப் கொண்டு ஸ்டைரீனை ஹைட்ரோபோரேற்றம் செய்தால் போரான் பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனில் உட்காரும். ஹயாஷியும் இட்டோவும் −78 டிகிரியில் 96 சதவீத மிகையோடு இதைச் செய்தார்கள். கேட்டகால்போரேன் பழசானாலோ ஈரம் பட்டாலோ சிதைந்து போரேன் உண்டாகிறது. போரேனுக்கு உலோகம் தேவையில்லை. ஆல்கீனின் நுனிக் கார்பனில் தானாகவே சேர்ந்துவிடும். எனவே மிகை குறைவதும், போரானை ஆக்ஸிஜனேற்றிய பின் நேர்கோட்டு ஆல்கஹால் தலைகாட்டுவதும் ஒன்றாக வந்தால், ஈனியை விட்டுவிட்டுக் கேட்டகால்போரேனைப் புதிதாக வடித்தெடுங்கள். காற்றுப்பட்ட ரோடியம் முன்வினையூக்கியும் இதேபோல இடத்தேர்வைக் குலைக்கும்.

ஹைட்ரஜனேற்றத்தில் பின்னணி என்றால் ஈனி பிணையாத உலோகம், அல்லது நீங்கள் சேர்க்காத உலோகம். பலேடியம் கார்பன் ஓடிய ஆட்டோகிளேவும், பலேடியம் படிந்து சாம்பல் நிறமான பழைய டெஃப்லான் காந்தத் துண்டும் ரேசமிக் விளைபொருளைச் சத்தமில்லாமல் தயாரித்துக்கொண்டிருக்கும். வினையூக்கியே இல்லாமல் அதே ஆட்டோகிளேவில், அதே காந்தத் துண்டோடு ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். ஹைட்ரஜனேறினால் விடை தெரிந்துவிட்டது. சீர்மையற்ற வினைகளுக்கென்றே தனிக் காந்தத் துண்டுகளும் கண்ணாடி உட்குழாய்களும் ஒதுக்கி வைப்பது நல்ல வழக்கம்.

கட்சுகி–ஷார்ப்லெஸ் எபாக்ஸிடேற்றத்தில் எதிரி நீர். ஒரு மில்லிமோல் அல்லைலிக் ஆல்கஹாலுக்கு 5 மோல் சதவீத டைட்டானியம் என்றால் 50 மைக்ரோமோல். 10 கிராம் கரைப்பானில் 100 பி.பி.எம். ஈரம் இருந்தால் அது 1 மில்லிகிராம் நீர், அதாவது 55 மைக்ரோமோல். டைட்டானியம் முழுவதையும் கெடுக்க அது போதும். அதனால்தான் மூலக்கூறு சல்லடைகள் வந்த பிறகே இந்த வினையை வினையூக்க அளவில் நம்பிக்கையோடு ஓட்ட முடிந்தது. சல்லடையைப் புட்டியிலிருந்து அப்படியே கொட்டாதீர்கள். வெற்றிடத்தில் நன்றாகச் சூடாக்கிய பிறகு பயன்படுத்துங்கள். டார்டரேட் டைட்டானியத்தைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் கைரல் அல்லாத டைட்டானியம் வேலை செய்யும். மிக அதிகமானால் வேகம் படுத்துவிடும். டைட்டானியம், டார்டரேட், பெராக்சைடு மூன்றையும் −20 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் ஒன்றாகக் கலந்து முதிர விட்ட பிறகு ஆல்கஹாலைச் சேருங்கள். அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தவர்களின் மிகை கண்கூடாகக் குறைவதைப் பார்க்கலாம்.

டைஹைட்ராக்ஸிலேற்றத்தில் பின்னணி, 'இரண்டாம் சுழற்சி' என்ற பெயரில் வருகிறது. ஆஸ்மேட் எஸ்டர் நீராற்பகுப்படைவதற்குள் மீண்டும் ஆக்ஸிஜனேறிவிட்டால், அது கைரல் ஈனி இல்லாமலேயே இன்னொரு ஆல்கீனைப் பிடித்துக்கொள்ளும். என்-மெத்தில்மார்ஃபோலின் ஆக்சைடைக் கொண்டு ஒரே அடுக்கில் ஓட்டும்போது இது அதிகம்; ஆல்கீனை மெதுவாகச் சேர்த்தால் குறையும். பொட்டாசியம் ஃபெரிசயனைடைக் கொண்டு இரு அடுக்கில் ஓட்டினால் ஆக்ஸிஜனேற்றி நீர் அடுக்கிலேயே தங்கிவிடுவதால் இந்தச் சுழற்சிக்கு வழியில்லை. ஆயத்தக் கலவையாக விற்பதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு மில்லிமோல் ஆல்கீனுக்கு 1.4 கிராம். அதில் ஆஸ்மியம் உப்பு ஓரிரு மில்லிகிராம் அளவே இருக்கிறது. புட்டியைக் குலுக்காமல் மேலாக அள்ளினால் ஒரு கரண்டியில் ஆஸ்மியம் கூடும், இன்னொன்றில் ஈனி கூடும்.

இவை எல்லாம் சரி என்றால் ஆல்கீனைப் பாருங்கள். 'ஈ' வடிவமும் (முக்கியத் தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கம்) 'இசட்' வடிவமும் (ஒரே பக்கம்) பல வினையூக்கிகளில் எதிரெதிர் எனான்டியோமர்களைத் தருகின்றன. 9:1 கலவையை உள்ளே விட்டுவிட்டு 98 சதவீத மிகையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சிஸ் இரட்டைப் பதிலீட்டு ஆல்கீன்கள் டைஹைட்ராக்ஸிலேற்றத்தில் இயல்பாகவே மோசமானவை. அங்கே குறை உங்களுடையது அல்ல.

அழுத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே விடை கிடையாது. டீஹைட்ரோஅமினோ அமிலங்களின் ரோடியம் ஹைட்ரஜனேற்றத்தை ஹால்பெர்னும் லாண்டிஸும் 1980களில் ஆராய்ந்தபோது, கரைசலில் குறைவாக இருக்கும் அணைவே ஹைட்ரஜனோடு வேகமாக வினைபுரிந்து முக்கிய விளைபொருளைத் தருகிறது என்று தெரிந்தது. இரண்டு அணைவுகளும் ஒன்றுக்கொன்று மாற நேரம் கிடைக்க வேண்டும். ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் அந்த நேரம் கிடைக்காமல் மிகை சரிகிறது. வெப்பநிலையைக் கூட்டினால் மிகை ஏறவும் செய்யும். ஆனால் நொயோரியின் ருத்தேனியம்–பைனாப்போடு ஜெரானியாலுக்கு உயர் அழுத்தம்தான் நல்லது, டிக்ளிக் அமிலத்துக்குக் குறைந்த அழுத்தம்தான் நல்லது. ஆகவே 1, 5, 20, 50 வளிமண்டல அழுத்தங்களில் நான்கு குழாய்களை ஓட்டிவிடுங்கள். கொள்கை பேசுவதைவிட அது விரைவில் முடியும்.

அறிகுறி: நேரம் போகப் போக மிகை இறங்குகிறது

10, 50, 95 சதவீத மாற்றத்தில் மாதிரி எடுத்து மூன்றையும் அளந்தால்தான் இந்த அறிகுறி கண்ணில் படும். முடிவில் மட்டும் அளப்பவர்களுக்கு இது முந்தைய அறிகுறியாகவே தோன்றும். தொடக்கத்தில் 96 இருந்து முடிவில் 80 என்றால் ஈனிக்கு நற்சான்று கொடுத்துவிடலாம்.

விளைபொருளே ரேசமாக்கப்படுகிறதா என்பது முதல் கேள்வி. சுத்தமான, மிகை அதிகமுள்ள விளைபொருளை அதே வினைச்சூழலில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஸ்டைரீனின் ஹைட்ரோஃபார்மைலேற்றத்தில் கிடைக்கும் 2-ஃபினைல்புரோப்பனேல் என்ற ஆல்டிஹைடு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஆல்டிஹைடுக்கும் பென்சீன் வளையத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த ஹைட்ரஜன் சிலிக்காவைக் கண்டாலே கழன்றுவிடும். தகாயாவும் நொசாகியும் 1993இல் பைனாஃபாஸ் ஈனியோடு இதில் 94 சதவீத மிகையைக் காட்டியிருக்கிறார்கள் என்றால், அளக்கும்வரை அதைக் காப்பாற்றியதும் அந்தத் திறமையில் சேர்த்தி. கச்சாக் கலவையை உடனே சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி, ஆல்கஹாலாக்கி அளந்துவிடுங்கள். டைஹைட்ராக்ஸிலேற்றத்தில் காரத்தால் கெடும் விளைபொருள் என்றால் சோடியம் பைகார்பனேட்டைச் சேர்த்துக் காரத்தன்மையைத் தணிக்கலாம்.

விளைபொருள் அசையவில்லை என்றால், வினையூக்கி உடைந்து ஈனியற்ற உலோகம் பிறந்துகொண்டிருக்கிறது. கரைசல் கறுத்தாலோ குடுவைச் சுவரில் கண்ணாடி போலப் பூச்சு தெரிந்தாலோ நானோ துகள்கள் உருவாகியிருக்கின்றன. வெப்பநிலையைக் குறையுங்கள், ஈனியைச் சற்றுக் கூட்டுங்கள், முடிந்த மறுகணமே நிறுத்துங்கள். மூன்றாவது காரணமும் உண்டு: மாற்றியக் கலவையில் நல்ல மிகை தரும் வடிவம் முதலில் தீர்ந்து, மீந்த வடிவம் பின்னால் வருவது.

அறிகுறி: தவறான கார்பனில் சேர்ந்திருக்கிறது, அல்லது ஆல்கீன் இடம் மாறியிருக்கிறது

உலோக ஹைட்ரைடு ஆல்கீனுக்குள் நுழைந்து, திரும்ப வெளியேறும்போது வேறு பக்கத்து ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டால் இரட்டைப் பிணைப்பு நகர்ந்துவிடும். நகர்ந்த ஆல்கீன் பிறகு எதிர் முகத்தில் ஹைட்ரஜனேறினால் மிகையும் போய்விடும். ஜெரானியாலில் ஹைட்ரஜன் போதாதபோது நடப்பது இதுதான். அது காமா-ஜெரானியாலாக மாறி எதிர் எனான்டியோமரைத் தருகிறது. ஆட்டோகிளேவின் அளவி 30 வளிமண்டலம் காட்டினாலும், கலக்கும் வேகம் குறைவாக இருந்தால் கரைசலில் ஹைட்ரஜன் பட்டினிதான். ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியத்தை விட்டு, அது எந்தெந்தக் கார்பன்களில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஐயம் தீரும். இரண்டு அண்டைக் கார்பன்களைத் தாண்டி மூன்றாவதிலும் தெரிந்தால் நகர்வு உறுதி.

இரிடியத்தில் நுனி ஆல்கீன்களுக்கு வழக்கம் தலைகீழ். 1,1-இரட்டைப் பதிலீட்டு ஆல்கீன்கள் பல, 50 வளிமண்டலத்தைவிட 1 வளிமண்டலத்தில் கூடுதல் மிகை தருகின்றன. இரிடியம் ஹைட்ரைடுகள் அமிலத்தன்மை உள்ளவை என்பதையும் மறக்க வேண்டாம். ஈனால் ஈதர் போன்றவை ஹைட்ரஜனேறுவதற்கு முன்பே சிதைந்துவிடலாம்.

ஹைட்ரோஃபார்மைலேற்றத்தில் நேர்கோட்டு ஆல்டிஹைடு கூடினால் வெப்பநிலையைக் குறைத்து, கார்பன் மோனாக்சைடு அழுத்தத்தைக் கூட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

அறிகுறி: எதிர் எனான்டியோமர் கிடைத்தது

பதறுவதற்கு முன் பெயரைப் பாருங்கள். பதிலீட்டுத் தொகுதி மாறும்போது முன்னுரிமை வரிசை மாறி, வடிவம் அப்படியே இருக்க 'ஆர்' என்பது 'எஸ்' ஆகிவிடும். ஒளிச்சுழற்சியின் குறியோ கரைப்பானையும் செறிவையும் பொறுத்து மாறக்கூடியது. அதை மட்டும் நம்பி வடிவத்தைத் தீர்மானிக்காதீர்கள். உண்மையிலேயே எதிர் வடிவம் என்றால் உலோகத்தைக் கவனியுங்கள். ஒரே பைனாப், அசைலமினோ அக்ரிலிக் அமிலங்களில் ரோடியத்தோடு ஓர் எனான்டியோமரையும் ருத்தேனியத்தோடு மற்றதையும் தருகிறது. ஆல்கீன் தவறான மாற்றியமாக இருப்பது அடுத்த சந்தேகம்.

அறிகுறி: ஒரு நாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை, அளவைக் கூட்டியதும் கெடுகிறது

மாறியது என்ன என்று பட்டியல் எடுங்கள். புட்டி எண்களையும் சேர்த்து எழுதுங்கள். டைகுளோரோமீத்தேன் புட்டியின் மேல் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். சிலவற்றை நிலைப்படுத்த அமைலீன் சேர்த்திருப்பார்கள். அதுவும் ஓர் ஆல்கீன்தான். குளோரோஃபார்மில் எத்தனால் இருக்கலாம். டெட்ராஹைட்ரோஃபியூரானில் நிலைப்படுத்தி இல்லையென்றால் பெராக்சைடு சேர்ந்து ஃபாஸ்ஃபீனைத் தின்றுவிடும். வினையூக்கி 0.1 மோல் சதவீதத்துக்கு இறங்கும்போது இந்த அசுத்தங்கள் வினையூக்கியைவிட அதிக எண்ணிக்கையில் நிற்கும். 1 மோல் சதவீதத்தில் ஓடி, 0.1இல் படுத்துவிடும் வினைக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. ஆல்கீனை மீண்டும் படிகமாக்கியோ வடித்தெடுத்தோ ஓட்டிப் பாருங்கள்.

சின்ன எடைகளை நம்பாதீர்கள். 2 மில்லிகிராம் ஈனியை நிறுப்பதைவிட, 40 மில்லிகிராம் நிறுத்து, வாயு நீக்கிய கரைப்பானில் கரைத்து, அதிலிருந்து இருபதில் ஒரு பங்கைச் சிரிஞ்சில் எடுப்பது எவ்வளவோ மேல்.

அளவு கூடும்போது இரண்டு விஷயங்கள் மாறுகின்றன: வெப்பமும் வாயு கரையும் வேகமும். ஒரு மோல் ஆல்கீன் ஹைட்ரஜனேறும்போது சுமார் 120 கிலோஜூல் வெளிப்படுகிறது. சிறு குழாயில் அது சுவர் வழியாக வெளியேறிவிடும். பெரிய கலனில் உள்ளே தங்கி, வெப்பநிலைமானியை உள்ளே வைக்காதவர்களுக்குத் தெரியாமலேயே 20, 30 டிகிரி ஏற்றிவிடும். காந்தத் துண்டும் பெரிய கலனில் வாயுவைக் கீழே இழுக்காது. வாயுவை உள்ளிழுக்கும் சுழலி வேண்டும். கலக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் வினை வேகமோ மிகையோ மாறுகிறதா என்று சிறிய அளவிலேயே சோதியுங்கள். மாறினால் அந்த வினை ஏற்கெனவே ஹைட்ரஜன் கரையும் வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே பெரிய கலனுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

இத்தனையும் சோதித்து, தெரிந்த ஆல்கீன் தன் பழைய எண்ணைத் தந்து, உங்கள் ஆல்கீன் மட்டும் 10 சதவீத மாற்றத்திலிருந்தே குறைந்த, நிலையான மிகையைக் காட்டினால், இப்போது ஈனி அலமாரியைத் திறக்கலாம். ஒரே ஈனிக் குடும்பத்தில் பத்து உறுப்பினர்களை எடுக்காதீர்கள். அச்சுக் கைரல் டைஃபாஸ்ஃபீன் ஒன்று, டியூஃபாஸ் போன்ற எலக்ட்ரான் செறிந்த ஃபாஸ்ஃபோலேன் ஒன்று, ஃபெரோசீன் வகை ஒன்று, ஃபாஸ்ஃபோரமிடைட் ஒன்று என்று குடும்பத்துக்கு ஒருவராக எடுங்கள். ஈனியின் தூய்மையையும் பாருங்கள்: 90 சதவீத மிகை உள்ள ஈனி 99 தரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இந்தத் தொடர்பு எப்போதும் நேர்கோடு அல்ல என்பதை 1986இல் ககானும் உடன் உழைத்தவர்களும் ஷார்ப்லெஸ் எபாக்ஸிடேற்றத்திலேயே காட்டிவிட்டார்கள். 50 சதவீத மிகை கொண்ட ஈனியில் ஒரு வினை ஓட்டி, விளைபொருளின் மிகை பாதியாகிறதா, அதற்கு மேலா, கீழா என்று பாருங்கள். உலோகத்தின் மேல் ஒரே ஈனி இருக்கிறதா, அணைவுகள் கூட்டுச் சேர்கின்றனவா என்பதற்கு அதில் ஒரு துப்பு கிடைக்கும். அடுத்த ஈனியை எந்தக் குடும்பத்தில் தேடுவது என்று முடிவு செய்ய அந்தத் துப்பு கைகொடுக்கும்.